குடோனில் மாத்திரை போடுகிறவரிடம் சான்று இருக்கிறதா?

மளிகை, தானிய வியாபாரத்தில் இருக்கிற நமக்கெல்லாம் மழைக்காலம் பிறந்தால் கூடவே ஒரு கவலையும் பிறக்கும். மூட்டைக்குள் கையை விட்டால் உளுந்தோடு வண்டும் வரும். துவரையில் ஓட்டை விழும். வாடிக்கையாளர் ஒரு கிலோ பச்சைப்பயறு வாங்கிப் போய், மறுநாளே அதைத் திருப்பிக்கொண்டுவந்து கல்லாவுக்கு முன்னால் கொட்டினால் கடையில் நிற்கும் நாலு பேர் பார்ப்பார்கள். அந்த நாலு பேர் நாற்பது பேருக்குச் சொல்வார்கள். ஆகவே “மாத்திரை போட்டுவிடலாம்” என்ற முடிவுக்கு வருகிறோம். அந்த மாத்திரையைப் போட வருகிறவர் யார், என்ன பயிற்சி பெற்றவர், அவர் கையில் உரிமம் உண்டா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாம் கேட்கவில்லை. கேட்காததால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1989ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். காவாந்தண்டலத்தில் நமது தகப்பனார் கட்டிய குடோன், ஓட்டுக்கூரை. உளுந்தும் துவரையுமாகச் சுமார் 200 மூட்டை இருப்பு. பண்டிகை விற்பனைக்கு என்று பிடித்து வைத்த சரக்கில் வண்டு விழுந்துவிட்டது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஒரு மாத்திரை டின், தோளில் ஒரு துண்டு. “நூறு குடோன் பார்த்தவன் நான்” என்றார். அதுவே அவருடைய சான்றிதழ், அதுவே நமக்குப் போதுமானதாகவும் இருந்தது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே மாத்திரைகளைச் செருகிவிட்டு, கதவைச் சாத்தி, கூலியை வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

குடோனை ஒட்டி ஒரு சிறிய அறை உண்டு. காவல்காரர், அவர் மனைவி, ஆறு வயதுப் பையன் மூவரும் அதில் குடியிருந்தார்கள். நடுவில் சுவர் இருந்தது. ஆனால் மேலே கூரை ஒன்றுதான். சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி. நள்ளிரவில் பையன் வாந்தி எடுக்க, வெளியே தூக்கி வந்த தாய்க்கும் மயக்கம். காவல்காரர் தள்ளாடிக்கொண்டே வந்து நமது வீட்டுக் கதவைத் தட்டினார். வாடகைக் கார் பிடித்துக் காஞ்சிபுரம் கொண்டு போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து போட்டீர்கள்?” என்பது. நமக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. “இந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. குறைவாகத்தான் உள்ளே போயிருக்கிறது, அதனால் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்றார் அவர். மூவரும் பிழைத்தார்கள். தகப்பனார் அன்று முழுவதும் ஆஸ்பத்திரித் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. நம்மில் பலர் ‘செல்பாஸ்’ என்று சொல்லிப் பழகியது அந்த வகைதான். வழக்கமான மாத்திரை ஒன்றின் எடை 3 கிராம். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அது மெதுவாகக் கரைந்து 1 கிராம் பாஸ்பின் வாயுவை வெளிவிடும். மிச்சம் சாம்பல் நிறத் தூளாக நின்றுவிடும். வண்டைக் கொல்வது மாத்திரை அல்ல, அந்த வாயுதான். மூட்டைக்குள் மூட்டையாக, மணிக்குள் மணியாக நுழைந்து, பயறுக்குள் ஒளிந்திருக்கும் புழுவையும் தேடிப்பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதே ஆற்றல்தான் சுவர் விரிசலிலும், ஓட்டு இடுக்கிலும், பக்கத்து வீட்டு ஜன்னலிலும் அதை நுழைய வைக்கிறது. பூண்டு வாடை அல்லது கார்பைடு கல் வாடை அடிக்கும் என்பார்கள். வாடையை நம்பி இருப்பது ஆபத்து. சில சமயம் வாயு இருக்கும், வாடை தெரியாது. எட்டு மணி நேர வேலைக்கு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.3 பங்குக்கு மேல் இந்த வாயு இருக்கக்கூடாது என்பது பல இடங்களில் பின்பற்றப்படும் அளவு. 50 பங்கு இருந்தால் அந்த இடம் உடனே உயிருக்கு ஆபத்தான இடம். இந்த அளவை மூக்கு சொல்லாது, கருவிதான் சொல்லும்.

இதனால்தான் இந்த மாத்திரையைக் கடையில் போய் வாங்கி நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இந்தச் சட்டம் வந்த கதையும் நமது வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டதுதான். 1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவு சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். உணவுப் பொருளையும் ‘ஃபாலிடால்’ என்ற பூச்சிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றிவந்ததில் மருந்து கசிந்து உணவில் கலந்துவிட்டது. சாப்பிட்டவர்கள் மீதும் விற்ற கடைக்காரர்கள் மீதும் ஒரு தவறும் இல்லை. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பிறகு வந்ததுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971ஆம் ஆண்டின் விதிகள். மருந்தையும் உணவையும் ஒரே ரேக்கில் வைக்காதீர்கள் என்று அதிகாரி சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்த மாவு மூட்டைகளை நினைத்துக்கொண்டால் கோபம் வராது.

அலுமினியம் பாஸ்பைடை அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள், உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோர் மட்டுமே, அதுவும் நிபுணர் மேற்பார்வையில், கையாள வேண்டும் என்பது கட்டுப்பாடு. ஒரு காலத்தில் 10, 20 மாத்திரைகள் கொண்ட சின்னக் குழாய்களில் இது விற்றது. கிராமங்களில் அவை போகக்கூடாத கைகளுக்குப் போய்ப் பல குடும்பங்கள் அழிந்ததால், 2001ஆம் ஆண்டு அந்தச் சிறு குழாய்களை அடியோடு தடைசெய்துவிட்டார்கள். இன்றும் ஒருவர் சட்டைப்பையிலிருந்து நாலைந்து மாத்திரைகளை எடுத்து நீட்டினால், அவர் தப்பான ஆள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, உரிமம் எப்படிப் பெறுகிறார்கள்? நமக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இதில் இறங்கியதால் அருகிலிருந்து பார்த்தோம். விவசாயப் பட்டம், அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம் வேண்டும் என்பது விதி. இவர் பி.எஸ்சி. வேதியியல். அதோடு, குறிப்பிட்ட நிறுவனம் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், உத்தரப் பிரதேசத்தில் ஹாப்பூரில் உள்ள தானியச் சேமிப்பு நிலையமும் அதன் கிளைகளும், ஐதராபாத்தில் உள்ள தேசியத் தாவரப் பாதுகாப்புப் பயிற்சி நிலையம் ஆகியவை விதியில் சொல்லப்பட்டவை. நம்மவர் மைசூர் போனார். “பதினைந்து நாள் மைசூர்பாகு சாப்பிட்டு வரப் போகிறாயா?” என்று அவருடைய மாமா கேலி செய்தார். திரும்பி வந்தவர் அந்த மாமாவின் குடோனுக்குள் போய், பத்து நிமிஷத்தில் ஏழெட்டுத் தப்புகளைச் சுட்டிக்காட்டினார்.

அங்கே சொல்லிக் கொடுப்பது என்ன? மாத்திரையை எங்கே வைப்பது என்பது அதில் ஒரு சிறு பங்குதான். முதலில் பூச்சியைப் பார்த்து இனம் காணவேண்டும். பயறு வண்டு வேறு, செம்மாவு வண்டு வேறு, அரிசிக் கூன்வண்டு வேறு. அடுத்தது கணக்கு. மூட்டை அடுக்கின் நீளம், அகலம், உயரம் அளந்து, சரக்கின் எடையும் பார்த்துத்தான் எத்தனை மாத்திரை என்பது முடிவாகும். “கையளவு போடு” என்பதெல்லாம் கிடையாது. அடுக்கின் மேல் வாயு புகாத தார்ப்பாய் போட்டு, தரையோடு சேரும் விளிம்பில் மணல் பைகளை இடைவெளி இல்லாமல் வரிசையாக வைத்து அடைக்கவேண்டும். மாத்திரையைப் பயறோடு கலக்காமல் தட்டிலோ துணிப்பையிலோ வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சாம்பல் தூள் வாடிக்கையாளர் வீட்டுச் சாம்பாருக்குப் போகும். தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பித் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே ஒழுகும் கூரைக்குக் கீழே இந்த வேலையே கூடாது.

முகமூடி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். துண்டு, கைக்குட்டை, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் போட்ட முகக்கவசம் ஆகியவற்றில் எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. பாஸ்பினுக்கு என்றே செய்த வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடி இருக்கிறது. அந்தக் குப்பிக்கும் காலாவதித் தேதி உண்டு, பயன்படுத்தும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. நமது இளைஞர் ஒவ்வொரு குப்பியின் மேலும் முதலில் திறந்த தேதியை எழுதி வைக்கிறார். வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் அதைத்தான் காட்டுகிறார்.

நமக்கு உடனே பணத்தில் தெரியும் விஷயம் ஒன்று. பாஸ்பின் வாயு செம்பு, பித்தளை, வெள்ளி இவற்றை அரிக்கும். மின் தராசு, கால்குலேட்டர், கம்ப்யூட்டர், செல்போன், ஒயரிங் எல்லாவற்றிலும் செம்பு இருக்கிறது. மாத்திரை போட்டபின் தராசு எடை தப்பாகக் காட்டினால் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. பயிற்சி பெற்றவர் உள்ளே நுழைந்ததும் முதலில் தராசை வெளியே எடுக்கச் சொல்வார்.

அடுத்தது நாள் கணக்கு. மாத்திரை போட்ட மறுநாளே கதவைத் திறந்து சரக்கு ஏற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓடித் திரியும் வண்டு செத்துக் கிடக்கும், நமக்கும் திருப்தி. ஆனால் முட்டையும் கூட்டுப்புழுவும் லேசில் சாகாது. பொதுவாக 5 முதல் 7 நாள் வரை அடைத்து வைக்கவேண்டும். பாதியில் திறந்தால் தப்பிப் பிழைத்த பூச்சிகளின் வம்சம் மருந்துக்குப் பழகிவிடுகிறது. பாஸ்பினுக்கு அசையாத செம்மாவு வண்டும் தானியத் துளைப்பானும் நமது நாட்டிலேயே இருப்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இந்த மருந்தும் கைவிட்டால், இவ்வளவு மலிவாக இதன் இடத்தைப் பிடிக்க வேறொன்று நமக்கு இல்லை. அவசரப்படும் ஒரு குடோன், பக்கத்திலுள்ள பத்துக் குடோன்களையும் கெடுக்கும். திறக்கும்போதும் காற்றோட்டம் விட்டு, கருவியால் அளந்து பார்த்த பிறகுதான் லோடுமேன்களை உள்ளே விடவேண்டும். நமது லோடுமேன்கள் வெறும் உடம்போடு மூட்டை சுமக்கிறவர்கள், ஆழ மூச்சு வாங்குகிறவர்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மைவிட அவர்களுக்குத்தான் வாயு அதிகம் போகும்.

பயிற்சிச் சான்று கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதை வைத்து வேளாண்மைத் துறையின் உரிமம் வழங்கும் அலுவலரிடம் விண்ணப்பித்து, உரிமம் வாங்கவேண்டும். உரிமத்துக்கு 5 ஆண்டு ஆயுள். அந்த 5 ஆண்டுக்குள் மீண்டும் ஒரு புத்தாக்கப் பயிற்சிக்குப் போய் வந்தால்தான் புதுப்பிப்பார்கள். நமது இளைஞர் ஒருமுறை, “வேலை நெருக்கடி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டு, தேதியைத் தவறவிட்டு, சில மாதங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சமயத்தில், “யார் பார்க்கப் போகிறார்கள், வந்து போட்டுவிட்டுப் போங்கள்” என்று கூப்பிட்டவர்களும் நம்மவர்கள்தான். அவர் போகவில்லை. அதனாலேயே அவர்மேல் நமக்கு மதிப்பு கூடியது.

உத்திரமேரூரில் வியாபாரம் செய்கிற நமக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 921 வாக்கில் வெட்டிய கல்வெட்டில், வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத என்னென்ன தகுதி வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்கவேண்டும். சொந்த வீடு வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. ஏரியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கே இத்தனை கேள்வி கேட்ட ஊரில், விஷவாயுவைத் திறக்கிறவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் டின்னைத் திறக்க விட்டோம் என்பதை நினைத்தால் நமக்கே வெட்கமாக இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்கவேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் பெருகியபின் நமது கிராமத்துப் பிள்ளைகள் பலர் ‘சேஃப்டி’ படிப்பு படிக்கிறார்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் நடக்கும் தொழிற் பாதுகாப்புப் பட்டயப் படிப்புக்கு நல்ல மதிப்பு உண்டு. “என் மகன் சேஃப்டி ஆபீசர், அவனே மாத்திரை போடுவான்” என்று ஒரு நண்பர் சொன்னார். முடியாது. அது தொழிற்சாலைக்கான தகுதி, நல்ல தகுதி, ஆனால் இந்த வேலைக்கான உரிமம் ஆகாது. அதேபோல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மேற்பார்வையாளர் பயிற்சிச் சான்று நம்மில் பலர் கடையில் மாட்டியிருக்கிறது. அது சுத்தம், சேமிப்பு, கையாளுதல் பற்றியது. அதற்கும் காலக்கெடு உண்டு, தேதி முடிந்து மாட்டியிருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். அதை வைத்தும் டின்னைத் திறக்க முடியாது.

நாமோ நம் ஆட்களோ பெறக்கூடிய, பெறவேண்டிய சான்று ஒன்று உண்டென்றால் அது முதலுதவிச் சான்று. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு பயிற்சி கொடுத்துச் சான்று தருகிறது. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். நமது கணக்கர் இரண்டு முறை புதுப்பித்துவிட்டார். வாயு தாக்கியவரைத் தூக்கப் போகிறேன் என்று முகமூடி இல்லாமல் உள்ளே ஓடக்கூடாது, ஓடினால் ஒருவர் இருவராவார் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

இனி, ஆளைக் கூப்பிடும்போது என்ன கேட்பது? உரிமத்தைக் கேளுங்கள், நகலாவது கேளுங்கள். அதில் முடியும் தேதியைப் பாருங்கள். அலுமினியம் பாஸ்பைடு அதில் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும் தப்பு நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. உரிமம் கம்பெனியின் பேரில் இருக்கும், பயிற்சி பெற்றவர் ஒருவர் இருப்பார், ஆனால் டின்னோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனாக இருப்பார். சட்டமாகப் பார்த்தால் காகிதம் சுத்தம். குடோனில் காகிதமா மாத்திரை போடுகிறது? “பயிற்சி பெற்றவர் நேரில் வந்து நிற்பாரா?” என்று போனிலேயே கேட்டுவிடுகிறோம். இல்லை என்றால் நமக்கு வேண்டாம்.

2024 நவம்பரில் நமது காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, குன்றத்தூரில் நடந்ததை எல்லோரும் படித்திருப்போம். எலித் தொல்லைக்காக வீட்டுக்குப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்தார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போன மருந்தின் நெடியில் இரவோடு இரவாக இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். போலீஸ் வழக்குப் போட்டு ஆட்களைக் கைது செய்தது. அது வீடு, நம்முடையது குடோன் என்று ஒதுக்கிவிட முடியாது. கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிற வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்? அப்படிப்பட்ட கட்டடத்தில் இந்த மாத்திரையைப் போடவே கூடாது. சரக்கை வேறிடத்துக்குக் கொண்டுபோய்த்தான் செய்யவேண்டும்.

செலவு அதிகமாகிறது என்பார்கள். ஆகத்தான் செய்யும். தனியாரிடம் போக விருப்பமில்லாதவர்கள் 1957 முதல் இயங்கும் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தை அணுகலாம். பயிற்சி பெற்ற ஆட்களை வைத்துக் கட்டணத்துக்குப் பூச்சி ஒழிப்பு வேலையைச் செய்து தருகிறார்கள். அதைவிடச் செலவைக் குறைக்கும் வழி, மாத்திரைக்கு வேலை வைக்காமல் இருப்பது. வாங்கும்போதே ஈரம் பார்த்து, வெயிலில் காய்ந்த சரக்காக எடுப்பது, பழைய சாக்கைப் புதுச் சரக்கோடு சேர்க்காமல் இருப்பது, மரச்சட்டத்தின் மேல் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குவது, முதலில் வந்ததை முதலில் விற்பது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறிகளை மூட்டைக்குள் செருகி வைத்தால், வண்டு பத்து இருக்கும்போதே தெரிந்துவிடும், பத்தாயிரமாகும்வரை காத்திருக்க வேண்டாம். நாம் கடந்த சில ஆண்டுகளாக வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாத்திரை போடவில்லை.

1989ல் அந்த அறையில் படுத்திருந்த பையன் இப்போது சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறார். வாலாஜாபாத் பக்கம் லோடு இருந்தால் நமது கடையில் இறங்கி, “நல்லாருக்கீங்களா முதலாளி” என்று கேட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார். சரக்கு ஏற்ற வந்தாலும் குடோன் வாசலுக்கு உள்ளே மட்டும் கால் வைக்கமாட்டார். நாமும் கூப்பிடுவதில்லை. அந்த அறையை இடித்துவிட்டோம். காவலுக்கு இருப்பவருக்குச் சாலைக்கு எதிர்ப்புறம் வேறு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாத்திரை போட்ட நாட்களில் குடோன் கதவில் சிவப்பு எழுத்தில் போட்ட தேதி, திறக்கும் தேதி, போட்டவர் பெயர், அவருடைய உரிம எண் நான்கும் எழுதிய பலகை தொங்கும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முதல் நாளே நேரில் சொல்லிவிடுகிறோம்.

இந்த வருஷம் மழைக்கு முன்பே ஒரு தடவை போடவேண்டியிருக்கும் என்று பொறியில் விழும் வண்டுகள் சொல்கின்றன. வழக்கமாக வரும் இளைஞரைக் கூப்பிட்டோம். அவருடைய உரிமம் அடுத்த மாதம் முடிகிறதாம், புத்தாக்கப் பயிற்சிக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறாராம். “அதற்குள் முடித்துவிடலாமா, இல்லை புதுப்பித்து வந்து செய்யட்டுமா?” என்று கேட்டார். ஏழு நாள் அடைப்பும் காற்றோட்டமும் சேர்த்துத் தேதியை எண்ணிப் பார்த்தோம். உரிமக் கெடுவுக்குள் முடிகிறது. வருகிற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். தராசை வியாழக்கிழமை மாலையே கடைக்கு எடுத்து வந்துவிடுவோம்.